கிண்டியா, காரைக்குடியா, கோவையா: கவுன்சிலிங் பட்டியலை உண்மையில் நிரப்புவது யார்?

பிளஸ் டூ மதிப்பெண் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஓய்வு கிடையாது. அறந்தாங்கிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் மதிப்பெண் தாளோடு வருவார்கள். "டீச்சர், எந்த காலேஜ் போடலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. கணக்கில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது என்று மாற்றிக் கூட்டினால் பொறியியல் கவுன்சிலிங்குக்கு 200-க்கு ஒரு கட்-ஆஃப் வரும். அதைப் போட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதன் பிறகு நடக்கும் பேச்சுதான் வாரக்கணக்கில் நீளும்.

போன வருடம் வந்த ஒரு மாணவியின் நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் வருடத்துக்குப் பத்துப் பேராவது அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கட்-ஆஃப் 180-க்கு மேல், 190-க்குக் கீழ். அப்பாவுக்கு உரக்கடையில் வேலை, அம்மா தையல். வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவளுக்கு இல்லை. அவள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் டிரிபிள் இ, அதாவது மின், மின்னணுப் பொறியியல். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது எல்லோரும் 'டீம்டு' என்று சொல்வதில், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ்.

வீட்டில் முதலில் போட்ட வரிசை: கோவை, டீம்டு, காரைக்குடி, கடைசியாகக் கிண்டி.

ஏன் என்று கேட்டேன். "இப்ப கம்ப்யூட்டருக்குத்தானே டீச்சர் வேலை" என்றார் அப்பா. அது ஒரு காரணம்தான். அரை மணி நேரம் பேசிய பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோவையில் சித்தி வீடு இருக்கிறது. டீம்டில் படித்த பக்கத்துத் தெருப் பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் "நம்ம ஊரு பஸ்ஸுல போய்ப் படிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு மார்க்கு?" கிண்டிக்கு வந்தபோது அம்மா வாய் திறந்தார்: "அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாதே டீச்சர். பொட்டப்புள்ளைய எப்படி விட்டுட்டு வர்றது?"

கம்ப்யூட்டர் என்பது வெளியே சொல்லும் காரணம். சித்தி வீடுதான் பட்டியலை எழுதியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பும் தாயின் பயம் நிஜமானது. ஆனால் அந்தப் பயம் பெயர் சொல்லாமல், 'பிராஞ்ச்' என்றும் 'ஸ்கோப்' என்றும் வேஷம் கட்டிக்கொண்டு வந்து உட்காரும்போது அதோடு பேச முடிவதில்லை. ஹாஸ்டலைப் பற்றிய பயம் என்றால் ஹாஸ்டலைப் போய்ப் பார்க்கலாம். பயத்தை எதிர்காலச் சந்தை நிலவரமாக மாற்றிச் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு. 2017 வரை கவுன்சிலிங் நேரில் நடந்தது. எந்த மூலையில் இருந்தாலும் குடும்பத்தோடு சென்னைக்குப் பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் போய்த்தான் இடம் எடுக்க வேண்டும். அலைச்சல், செலவு எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சாக்கில் ஒவ்வொரு குடும்பமும் கிண்டியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடும். மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வரும். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. அலைச்சல் போனது நல்லதுதான். இப்போது கிண்டியும் ஒரு குறியீட்டு எண், ஊர்ப்பெயர் தெரியாத கல்லூரியும் ஒரு குறியீட்டு எண். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே திரையில், ஒரே அளவு எழுத்தில். கண்ணால் பார்க்காத இடத்தில் விளம்பரப் பலகைக்குத்தான் பலம் கூடுகிறது.

சரி, நான்கையும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

டீம்டை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கணக்கு தெளிவு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசு கவுன்சிலிங்குக்குள் வராதவை. கட்டணமும் தேர்வும் அவர்களுடையதே. 2010-11-லிருந்து அரசு தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஒற்றைச் சாளர முறையில், அதாவது அரசு கவுன்சிலிங் வழியாகச் சேர்பவர்களுக்கானது. டீம்டில் சேர்ந்தால் அது கிடையாது. படிப்புக் கட்டணமே பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. ஹாஸ்டலையும் சேர்த்தால் நான்கு வருடத்துக்குப் பத்து லட்சம் என்பது குறைத்துப் போட்ட கணக்கு. வங்கிக் கல்விக்கடன் பொதுவாக ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். பத்து லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில், பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதிதாக வருபவர்களுக்குத் தரும் சாதாரணத் தொடக்கச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவதில் பாதி தவணைக்கே போய்விடும். பெங்களூரில் மீதிப் பாதியில் வாடகை கொடுத்து எப்படிச் சாப்பிடுவது?

வசதி உள்ள குடும்பத்துக்கு டீம்டு தவறான முடிவு ஆகாது. நல்ல ஆய்வுக்கூடங்களும் தரமான ஆசிரியர்களும் உள்ள இடங்கள் இருக்கின்றன. பத்திரத்தை வைத்துப் போகும் குடும்பத்துக்கு, கையில் இந்தக் கட்-ஆஃப் இருக்கும்போது, வேண்டாம் என்றே நான் சொல்வேன். சொன்னேன். அப்பா அன்றைக்கே அதை அடித்துவிட்டார்.

அடுத்தது கோவை. இதில்தான் மனசு ஊசலாடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்கு உள்ள இழுப்பு காரணமில்லாமல் வந்ததல்ல. அந்தப் பிராஞ்ச்காரர்களை எல்லா மென்பொருள் நிறுவனங்களும் ப்ளேஸ்மென்ட்டில் உட்கார விடும். சில நிறுவனங்கள் கம்ப்யூட்டர், ஐ.டி., இ.சி.இ., டிரிபிள் இ என்ற 'சர்க்யூட் பிராஞ்ச்' பிள்ளைகளுக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல. ஒரு பிராஞ்சில் இவ்வளவு இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டது. தனியார் கல்லூரிகள் பலவும் மெக்கானிக்கலையும் சிவிலையும் குறைத்துக் கம்ப்யூட்டரிலும் அதன் கிளைகளிலும் இடங்களைக் கூட்டின. இடத்தைக் கூட்டிய வேகத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியரைக் கூட்ட முடியுமா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆதாரங்கள் நினைவிருக்கும்: ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தது. அண்ணா பல்கலைக்கழகமே அதை விசாரிக்க வேண்டி வந்தது. ஆகவே கோவையா வேறு ஊரா என்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கல்லூரியில், அந்தத் துறையில், பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதை எப்படிப் பார்ப்பது? மூன்று இடம் சொல்கிறேன்.

ஒன்று, என்.ஐ.ஆர்.எஃப். இணையதளம். 2016 முதல் ஒன்றிய அரசு வெளியிடும் தரவரிசை இது. நான் வரிசை எண்ணைப் பார்க்கச் சொல்லவில்லை; அதில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண் 'மற்றவர் பார்வையில் எப்படி' என்பதற்கே போகிறது. அங்கே தரவரிசையில் இடம்பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் தானே கொடுத்த தகவல் தாள் இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நாலு வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச்சம்பளம் என்ன, எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள் என்று வருடவாரியாக எண் இருக்கும். நடுச்சம்பளம் என்றால், வேலை கிடைத்த நூறு பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்பது. பைபாஸ் சாலைப் பலகையில் இருக்கும் முகம் அந்த வரிசையின் கடைசியில் தனியாக நிற்பவருடையது. கோவைக் கல்லூரியின் தாளை அவளையே படிக்கச் சொன்னேன். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நாலு வருடத்தில் முடிக்கவில்லை. "அவங்கல்லாம் எங்க டீச்சர் போனாங்க?" என்று கேட்டாள். அரியர் என்ற சொல்லை அவளுக்கு அன்றுதான் விளக்கினேன்.

இரண்டு, என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம். இது கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதல்ல, ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனி. நாக் (NAAC) அங்கீகாரம் என்பது கல்லூரி முழுவதற்கும். வாசலில் இரண்டும் சேர்ந்து தொங்கும். நீங்கள் சேரப்போகும் பிராஞ்சுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கட்டணமும் இதைப் பொறுத்தது. 2017-ல் கட்டணக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 என்றும், அங்கீகாரம் பெற்ற பிராஞ்சுக்கு 55,000 என்றும் வைத்தது. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, 87,000. சேரும் வருடத்துக்கான தொகையைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்; 'மற்ற கட்டணம்' என்ற தலைப்பில் என்னென்ன வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நன்கொடை வாங்குவது 1992 சட்டப்படி குற்றம் என்பதை வெட்கப்படாமல் நினைவூட்டுங்கள்.

மூன்று, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி தன் கேள்வித்தாளைத் தானே போட்டுத் தானே திருத்துகிறது. அங்கே 95 சதவீதம் என்பதையும், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

காரைக்குடிக்கு வருகிறேன். இந்தக் கல்லூரியைப் பக்கத்தில் இருப்பதாலேயே எங்கள் ஊரில் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. வள்ளல் அழகப்பர் 1952-ல் தொடங்கிய கல்லூரி. அதே மனிதர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாங்கள் 'சிக்ரி' என்று சொல்வது, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. மின்கலத்தைப் பற்றி நாடே பேசும் காலத்தில், அதற்கென்றே அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வு நடக்கும் ஓர் இடத்துக்குப் பக்கத்தில் டிரிபிள் இ படிப்பது சாதாரண வாய்ப்பா? கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. தென்மாவட்டம் முழுக்கக் காற்றாலையும் சோலாரும்தான். டிரிபிள் இ சர்க்யூட் பிராஞ்ச் என்பதால் மென்பொருள் கதவுகளில் பெரும்பாலானவையும் திறந்தே இருக்கும். கேட் எனும் பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதினால் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள், மாநிலத்தில் மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலை என்று இன்னும் இரண்டு வழி.

செலவோ மிகக் குறைவு. பஸ் ஒரு மணி நேரம் போல. குறை என்று பார்த்தால், பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கு வருவது சென்னை, கோவை அளவுக்கு இருக்காது. இன்னொன்று, தினமும் வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைக்குக் கல்லூரி ஐந்து மணியோடு முடிந்துவிடும். ராத்திரி ஹாஸ்டல் அறையில் சீனியர் சொல்லிக்கொடுப்பது, கிளப், போட்டி, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசிப் பழகுவது எல்லாம் தவறும். அதனால் காரைக்குடி என்றாலும் ஹாஸ்டலில் சேருங்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை, பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கிண்டி. அதே வளாகத்தில் கம்ப்யூட்டருக்கு 200-ஐ ஒட்டிய கட்-ஆஃப் வேண்டும். ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ், மைனிங், பிரிண்டிங் போன்றவை அதைவிட வெகுவாகக் கீழே கிடைக்கின்றன. கல்லூரி ஒன்றே, வாசல் ஒன்றே, நூலகம் ஒன்றே. பெயர் தெரியாத பிராஞ்ச் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

செயற்கைக்கோள் படம், ஜி.பி.எஸ்., டிரோன் கொண்டு நிலத்தை அளந்து, அந்தத் தரவைக் கணினியில் வைத்து வேலை செய்வதுதான் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். மழைநீர் எங்கே தேங்கும், மெட்ரோ எந்த வழியாகப் போகலாம், எந்தத் தாலுகாவில் எவ்வளவு நெல் நிற்கிறது என்றெல்லாம் சொல்வது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடத் தரவு மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் இதில் இடம் உண்டாயிற்று. 2022-லிருந்து கேட் தேர்விலும் இதற்குத் தனித்தாள் இருக்கிறது. நான் அவளிடம் சொன்ன இன்னொரு செய்தி: கிண்டிக் கல்லூரி 1794-ல் பிறந்ததே நிலம் அளக்க ஆள் பயிற்றும் சர்வே பள்ளியாக. இன்றைக்குக் கடைசியில் மிச்சம் கிடக்கும் இந்தப் பிராஞ்ச்தான் அந்தக் கல்லூரியின் மூத்த பிள்ளை.

கிண்டி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி., எஸ்.ஏ.பி. என்ற அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள் நான்குக்கும் ப்ளேஸ்மென்ட்டைப் பல்கலைக்கழகத்தின் ஒரே மையம் நடத்துகிறது. எல்லா பிராஞ்சையும் அனுமதிக்கும் நிறுவனம் வந்தால் இவளும் உட்காரலாம். சர்க்யூட் மட்டும் என்று சொல்லும் நிறுவனத்தில் உட்கார முடியாது, அதையும் சொல்லிவிட்டேன். தானாகக் கோடிங் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த வளாகம் ஏணி. பிராஞ்ச் பிடிக்காமல் முதல் வருடமே சுருங்கிவிடும் பிள்ளைக்கு நான்கு வருடமும் பாரம். கல்லூரிப் பெயருக்காக மட்டும் அங்கே போகச் சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தை இறக்கிப் படிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்து, "இதுலயும் புரோகிராமிங் இருக்கு டீச்சர். மேத்ஸும் நிறைய இருக்கு" என்றாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது.

என் வரிசை கிண்டி, காரைக்குடி, அப்புறம்தான் கோவை. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸில் அவளுக்குத் துளி ஆர்வமும் இல்லை என்றால் காரைக்குடியை முதலில் வைத்திருப்பேன். கோவையில் அந்தக் கல்லூரிக்குப் பதில் பழைய, தகவல் தாள் சுத்தமாக உள்ள அரசு உதவிபெறும் கல்லூரி ஏதாவது கிடைத்திருந்தால் என் வரிசையே மாறியிருக்கும்.

இந்த இடத்தில் சாய்ஸ் ஃபில்லிங் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் தவறுபவர்கள் அதிகம். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைத் தருவார்கள். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்ப்பதே இல்லை. ஆகவே 'கிடைக்காது' என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே போட்டால், அது காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. போன வருடக் கட்-ஆஃப் வரிசையில் அடுக்காதீர்கள். உங்கள் விருப்ப வரிசையில் அடுக்குங்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஒதுக்கீடு வந்த பிறகு, மேலே உள்ளதற்கும் ஆசை இருந்தால் கையில் உள்ள இடத்தை ஏற்றுக்கொண்டு 'அப்வர்ட்' கேட்கலாம். பதற்றத்தில் 'டிக்ளைன்' அழுத்திவிட்டு அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அதற்கு என்னிடம் இணையதளம் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு பெண்ணுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. தாய்மாமன் வேண்டாம் என்றார். நான் அப்போது அதிகம் வற்புறுத்தவில்லை, அது வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தார்கள். ஆள் சேரவில்லை என்று ஒரு வருடத்தில் அந்தப் பிராஞ்சையே மூடி, இருந்தவர்களை வேறு பிராஞ்சுக்கு மாற்றினார்கள். அவள் இப்போதும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் சிரிப்பாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

அதனால் இந்த முறை விடவில்லை. பட்டியலைப் பூட்ட இன்னும் நான்கு நாள் இருந்தது. "ஹாஸ்டலை நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க. பிடிக்கலைன்னா காரைக்குடிதான், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் மகளும் ராத்திரி பஸ் ஏறினார்கள். விடிகாலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரில் மின்சார ரயில் பிடித்துக் கிண்டி போயிருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்: இரவு எத்தனை மணிக்குக் கதவு, உடம்பு சரியில்லை என்றால் யார் கூட்டிப்போவார்கள், மெஸ்ஸுக்கு மாதம் எவ்வளவு, லீவுக்கு ஊர் வர அனுமதி எப்படி.

மறுநாள் சாயங்காலம் அம்மா மட்டும் வந்தார். தாளில் நான்கு கேள்விக்கும் எதிரே பதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் ஐந்தாவதாக ஒன்று: மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூன்றாம் வருடம், இ.சி.இ., அவள் அம்மாவின் செல்போன் எண். "அந்தப் புள்ள அம்மாகிட்ட பஸ்ஸுல வரும்போதே பேசிட்டேன் டீச்சர். கிண்டிய மேல போட்டுருங்க" என்றார்.